நடைமுறைக் கணக்கில் மிகை என்றால், கடன் ஏன் கட்டவில்லை?

பருத்தித்துறை அம்மா:
மகள் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள். நேற்று இரவு அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. 2023இல் இலங்கையின் நடைமுறைக் கணக்கு, அதாவது வெளிநாடுகளோடான அன்றாட வரவு செலவுக் கணக்கு, மிகையில் முடிந்ததாம், 1977க்குப் பிறகு முதல் தடவையாம். அதே வருடம் நாடு வெளிக்கடனைக் கட்டாமல் நிறுத்தி வைத்திருந்தது. மிச்சம் இருந்தால் கட்டியிருக்கலாமே என்கிறாள். கட்டாரில் இருக்கிற என் தம்பி, டொலர் விலையைப் பார்த்தால் எல்லாம் விளங்கும் என்கிறான். உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
அம்மா, மகள் கேட்டது நல்ல கேள்வி. நான் 26 வருடம் வங்கியில் இறக்குமதிப் பிரிவில் இருந்தவன். அந்த மேசையில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

டொலர் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாய் சொச்சம்தான், மாதக்கணக்காக அசையவே இல்லை. என் மேசையிலோ எல்.சி. (இறக்குமதிக்குப் பணம் கொடுப்போம் என்று வங்கி விற்பவருக்குத் தரும் உறுதிக் கடிதம்) திறக்கக் கேட்ட கோப்புகள் குவிந்து கிடந்தன. பருப்பு இறக்குகிற வியாபாரி ஒருவர் தினமும் காலை வந்து கதிரையில் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ரூபாய் இருந்தது, கொள்கலன் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது, கொடுக்க எங்களிடம் டொலர் இல்லை. விலையைப் பிடித்து வைத்திருந்ததால் தட்டுப்பாடு விலையில் தெரியவில்லை, வரிசையில்தான் தெரிந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதம் 360ஐத் தாண்டிவிட்டது.

அதனால் முதலில் ஒதுக்கை, அதாவது நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைப் பாருங்கள். 2019 கடைசியில் சுமார் 7.6 பில்லியன் டொலர் இருந்தது. 2022 மார்ச்சில் 1.9 பில்லியன். அதிலும் ஏறத்தாழ 1.5 பில்லியன் சீன மக்கள் வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்றம். நிபந்தனை இருந்ததால் அதை எடுத்துப் பெற்றோல் வாங்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசு அறிவித்தது ஏன் என்று இதிலேயே விளங்கும்.

சரி, மிகைக்கு வருகிறேன். பொருள், சேவை, வட்டி, வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணம், இவைதான் நடைமுறைக் கணக்கில் வரும். கடன் முதலைத் திருப்பிக் கட்டுவது அதில் வராது, கடனையும் முதலீட்டையும் பதிகிற நிதிக் கணக்கில் வரும். 2023 மிகை சுமார் 1.5 பில்லியன். 2022இல் மட்டும் கட்ட வேண்டியிருந்த வெளிக்கடன் 7 பில்லியன் அளவு. அப்புறம், அந்த மிகையில் ஒரு பங்கு உல்லாசப் பயணிகள் திரும்பி வந்ததால் வந்தது. இன்னொரு பங்கு நாம் வாங்காமல் விட்டதால் வந்தது. வாகன இறக்குமதிக்கு 2020 முதல் தடை இருந்ததே.

பொருளியல் ஆசிரியை:
என் மாணவர்கள் இடறுவதும் இதே இடத்தில்தான். சென்மதி நிலுவை என்பது வெளிநாடுகளோடு நாடு செய்யும் எல்லாக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு. ஒவ்வொன்றும் வரவாகவும் செலவாகவும் இரு முறை பதியப்படும், ஒதுக்கு மாற்றம் உட்பட முழுவதையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான். பதிவுகள் பொருந்தாத இடத்தை நிரப்பத்தான் 'வழுக்களும் விடுபாடுகளும்' என்ற வரி. 'மொத்த நிலுவை' என்பது ஒதுக்கு மாற்றத்தைச் சேர்க்காமல் கூட்டியது. செய்தியில் அதில் பற்றாக்குறை என்று வந்தால், ஒதுக்கு எவ்வளவு கரைந்தது என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.

பருத்தித்துறை அம்மா:
இருவருக்கும் நன்றி. ஒன்று கேட்க வேண்டும் ஐயா. அந்த நேரம் தம்பி உண்டியலில்தான் பணம் அனுப்பினான். அதுவும் ஒரு காரணமா? அவனுக்குச் சொல்லவா?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
சொல்லுங்கள், ஆனால் குறை சொல்லாதீர்கள். தம்பி தோஹாவில் ஒருவரிடம் ரியாலைக் கொடுத்தார், இங்கே இன்னொருவர் உங்கள் வாசலில் ரூபாயைத் தந்தார். ரியால் நாட்டுக்குள் வரவே இல்லை. அங்கேயே யாரோ ஒரு வியாபாரி தான் இறக்கிய பொருளுக்கு அதைக் கட்டியிருப்பார். வங்கிக் கணக்கில் அது ஏறாது. 2020இல் 7.1 பில்லியனாக இருந்த பணவனுப்பல் 2021இல் 5.5, 2022இல் 3.8 என்று இறங்கியது. அந்த உழைப்பாளிகள் குறைவாக உழைத்ததால் அல்ல. வங்கி டொலருக்கு 200 தர, வெளியே அதைவிட நன்றாகக் கூட்டித் தந்தார்கள், பிள்ளையின் பால்மாவுக்கு அனுப்புகிறவர் எங்கே போவார்? இரண்டு விலையும் ஒட்டி வந்த பிறகு 2023இல் அது மறுபடி 6 பில்லியனுக்குக் கிட்ட வந்தது. என் மேசைக்கும் டொலர் வந்தது, பருப்புக்காரர் காலையில் வருவதை நிறுத்திவிட்டார்.