அடுத்த நூலகத்தின் வாசகர் கேட்கிறார்: கூட்டு சாட் சேவை அனுபவங்கள்

சீட்டுப்பெட்டி:
பல நூலகங்கள் சேர்ந்து நடத்துகிற சாட் ரெஃபரன்ஸ் சேவையில், அதாவது வாசகர் கேள்விக்கு நூலகர் சாட்டிலேயே தேடிப் பதில் சொல்லும் சேவையில், ஷிப்ட் பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. இனி நடந்த உரையாடல்களைச் சொல்லுங்கள். குறிப்பாக, உங்கள் நூலக வாசகர் அல்லாத ஒருவருக்குப் பதில் சொன்ன கதைகள் வேண்டும். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

முதலில் என்னுடையது. மாலை ஷிப்டில் இருந்தேன். வேறொரு கல்லூரி நூலகத்தின் பக்கத்திலிருந்து ஒரு மாணவி உள்ளே வந்தார். "தண்ணி பத்தி ஆர்ட்டிகிள் வேணும்" என்பதுதான் முதல் வரி. பேச்சு இப்படிப் போனது:

நான்: வணக்கம், பார்க்கலாம். தண்ணீரில் எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?
அவர்: குடிநீர்
நான்: சரி. தட்டுப்பாடா, சுத்தமா, வேறு ஏதாவதா?
அவர்: பழைய பைப்ல இருந்து ஈயம் கலக்கும்ல, அது குழந்தைங்கள என்ன பண்ணும்னு
நான்: புரிந்தது. ஆசிரியர் ஏதாவது நிபந்தனை சொல்லியிருக்கிறாரா?
அவர்: ஆய்விதழ்ல வந்ததா இருக்கணும், அஞ்சு வருஷத்துக்குள்ள. நாளைக்கு சப்மிட் பண்ணணும்

நேரில் என்றால் பாதியை முகத்திலேயே படித்துவிடலாம். சாட்டில் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. மூன்றைச் சேர்த்துக் கேட்டால் கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எங்கள் நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளத்தில் நல்ல கட்டுரைகள் என் கண்முன்னே இருந்தன. ஆனால் அந்த உரிமம் எங்கள் வாசகர்களுக்கு மட்டுமானது. கோப்பை இறக்கி அவருக்கு அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். அவருடைய கல்லூரிக்கு என்னென்ன சந்தா இருக்கிறது, வெளியிலிருந்து எப்படி நுழைவது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கூட்டுச் சேவையில் ஷிப்ட் பார்க்கும் மற்றவர்களுக்காக அந்தக் கல்லூரி நூலகர் எழுதி வைத்திருந்த தகவல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "வெளியிலிருந்து நுழைய நூலக அட்டை எண் செல்லாது, கல்லூரி மின்னஞ்சலையே பயன்படுத்தச் சொல்லவும்." மாணவி அவ்வளவு நேரமாக அட்டை எண்ணைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வரியைச் சொன்னதும் கதவு திறந்துவிட்டது. மருத்துவக் கட்டுரைகளைத் தேட எல்லோருக்கும் இலவசமான பப்மெட் தளத்தில் 'லெட் பாய்சனிங்' என்ற பொருள் தலைப்பையும் வயது, ஆண்டு வடிகட்டிகளையும் எப்படிப் போடுவது என்று காட்டினேன். அங்கே கண்டுபிடித்த கட்டுரைகளைத் தன் கல்லூரிக் கணக்கில் அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வரியை எழுதி வைத்த நூலகரை நான் பார்த்ததே இல்லை. கூட்டுச் சேவை ஓடுவது அவரைப் போன்றவர்களால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இராக்காவல்:
நூற்றுக்கு நூறு. நான் பெரும்பாலும் பின்னிரவு ஷிப்ட். என் ஜன்னலுக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் மற்ற நூலகங்களின் வாசகர்கள்தான்.

இந்தத் தகவல் பக்கம் புதிதாக வந்த யோசனையும் இல்லை. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2000-இல் கூட்டு எண்ணிம ரெஃபரன்ஸ் சேவை என்று ஒரு முன்னோட்டம் நடத்தியது. ஒவ்வொரு நூலகமும் தான் திறந்திருக்கும் நேரம், தனக்கு எந்தத் துறையில் பலம் என்பதையெல்லாம் பதிந்து வைக்கும். கேள்வி வந்தால் அந்தப் பதிவைப் பார்த்துப் பொருத்தமான நூலகத்துக்குப் போகும். அதே ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி முதல் கேள்வி இங்கிலாந்திலிருந்து போனது. பைசாந்தியப் பேரரசுக் காலத்துச் சமையல் பற்றிக் கேட்டிருந்தார்கள். அது கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா பொது நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, சில மணி நேரத்தில் பதிலும் வந்துவிட்டது. 2002-இல் இதுவே ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்போடு சேர்ந்து குவெஸ்சன்பாயிண்ட் என்ற சேவை ஆனது. 2019-இல் குவெஸ்சன்பாயிண்ட் ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயரும் மென்பொருளும் மாறினாலும், யார் யாருக்காக என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நம்பித்தான் இன்றும் வண்டி ஓடுகிறது.

எழுதி வைத்தது பழசாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை. நள்ளிரவு தாண்டி ஒருவர் வந்தார். புத்தகத்தைப் புதுப்பிக்க முடியவில்லை, இன்றோடு கெடு முடிகிறது, அபராதம் ஏறுமா என்று கேட்டார். அவருடைய நூலகத்தின் பக்கத்தில் "நாளொன்றுக்கு அபராதம் உண்டு" என்று தொகையோடு போட்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை நெடுநாளாக யாரும் தொடவில்லை என்பது அடியில் இருந்த தேதியிலேயே தெரிந்தது. நான் தொகையைச் சொல்லவில்லை. அந்த நூலகத்தின் பொது இணையதளத்தைத் திறந்து பார்த்தால், தாமத அபராதத்தையே எடுத்துவிட்டதாக அறிவிப்பு இருந்தது. அந்தச் சுட்டியைக் கொடுத்தேன். "உங்கள் கணக்கை என்னால் பார்க்க முடியாது, ஆனால் காலையில் உங்கள் நூலகரே பார்த்துச் சொல்லும்படி அனுப்பி வைக்கிறேன்" என்றும் எழுதினேன். மனிதர் நிம்மதியாகப் போனார். பழைய தொகையைச் சொல்லியிருந்தால் அவர் தூக்கமும் போயிருக்கும், அந்த நூலகத்தின் பெயரும் கெட்டிருக்கும்.

"உங்கள் கணக்கை என்னால் பார்க்க முடியாது" என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. புதிதாக வருபவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வாசகருக்கு அதில் வருத்தமே இல்லை. சுற்றி வளைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் தளம்:
எனக்கு மனசில் நிற்பது இடையில் விழும் மௌனம். நாம் நாலு தரவுத்தளத்தில் மும்முரமாகத் தேடிக்கொண்டிருப்போம். எதிரில் இருப்பவருக்குக் காலியான திரை மட்டும்தான் தெரியும். ஆளே போய்விட்டார் போல என்று ஜன்னலை மூடிவிடுவார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் ரெஃபரன்ஸ் பிரிவு தன் நடத்தை நெறிகளை 2004-இல் திருத்தியபோது தொலைவிலிருந்து தரும் சேவையையும் சேர்த்தது. தேடும்போது என்ன நடக்கிறது என்று வாசகருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை அது நன்றாகவே வலியுறுத்தியது.

நான் செய்வது: "பட்டியலில் பார்க்கிறேன்", "இரண்டு தலைப்பு கிடைத்தது, இன்னும் ஒன்று தேடுகிறேன்" என்று சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டே இருப்பேன். ரெடிமேட் வாக்கியங்களை இதற்கு அதிகம் நம்பாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு உரையாடல் பதிவைப் படித்தோம். வாசகர் "என் அப்பாவுக்கு வந்திருக்கும் நோயைப் பற்றிப் படிக்கணும், டாக்டர் சொன்னது ஒண்ணும் புரியல" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வந்தது: "எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி! உங்கள் கேள்வியைப் பரிசீலிக்கிறோம்!" படிக்கவே சங்கடமாக இருந்தது. அந்த வாக்கியத்தை அன்றே எல்லோருக்கும் எடுத்துவிட்டோம்.

பள்ளி நூலகர்:
என் பங்குக்குச் சின்னப் பிள்ளைகள். பள்ளி விடும் நேரத்தில் வரிசை நிரம்பிவிடும். வீட்டுப்பாடத்துக்கு விடையை நேராகக் கொடுக்காமல் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்ற கொள்கைக்கு நியூசிலாந்தின் எனிகொஸ்டின்ஸ் சேவை நல்ல உதாரணம். பள்ளி மாணவர்களுக்கென்றே தொடங்கிய சேவை அது. கொள்கை சரி, ஆனால் குழந்தைக்குப் பொறுமை வேண்டுமே! "நீயே தேடு" என்று மொட்டையாகச் சொன்னால் போய்விடும். ஒரு பையன் எரிமலை எப்படி வெடிக்கிறது என்று கேட்டான். ஒரு பக்கத்தைக் கொடுத்து, "மூணாவது படத்துக்குக் கீழ இருக்கிற பத்தியைப் படிச்சிட்டு, உள்ள அழுத்தம் ஏன் ஏறுதுன்னு எனக்குச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்துப்பிழையோடு, ஆனால் சரியாக, உருகிய பாறைக்குள் கரைந்திருக்கும் வாயு வெளியே வரப் பார்ப்பதை எழுதினான். "டீச்சர் சொன்னத விட ஈசி" என்று ஒரு வரி வேறு!

கெட்ட வார்த்தை எழுதிவிட்டு ஓடும் பிள்ளைகளும் உண்டு. ஒரு தடவை எச்சரிக்கை, மறுபடி எழுதினால் முடித்துவிடுவது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இராக்காவல்:
பள்ளி நூலகர் மேடம், பிள்ளைகள் தங்கள் பெயர், பள்ளி, போன் நம்பர் எல்லாம் தாங்களாகவே கொட்டிவிடுவார்களே, என்ன செய்கிறீர்கள்?

பள்ளி நூலகர்:
"அதெல்லாம் இங்க எழுத வேண்டாம்பா, எனக்குத் தேவையில்லை" என்று உடனே சொல்லிவிடுவேன். பதிவிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அதை அழித்துவிடுவார். பெரியவர்களும் பாஸ்வேர்டு வரைக்கும் ஒட்டுகிறார்கள், சார். அந்தப் பதிவைப் பல நூலகத்துக்காரர்கள் திறந்து பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் அழிப்பது நம் பொறுப்பு.

ஷிப்ட் அட்டவணை:
ஒருங்கிணைப்பு வேலை பார்ப்பவன் நான், அதனால் சண்டைக் கதை சொல்கிறேன். எங்கள் கூட்டமைப்பில் ஒரு சிறிய நூலகம், "எங்கள் வாசகர் வருவதே அபூர்வம், நாங்கள் மட்டும் ஏன் ஊருக்கெல்லாம் உழைக்க வேண்டும்?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. எல்லோருக்கும் சம நேரம் என்று பிரித்ததுதான் கோளாறு. பதிவான பயனர் எண்ணிக்கைக்கு ஏற்றபடி நேரத்தைப் பிரித்ததும் சத்தம் அடங்கியது. அதோடு ஒரு விஷயத்தைக் காட்டினேன்: வாரத்தில் சில மணி நேரம் கொடுக்கும் அந்த நூலகத்தின் வாசகர்களுக்கு, அவர்கள் கட்டடம் பூட்டியிருக்கும் நேரமெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. தனியாக நடத்தினால் கனவிலும் முடியாது.

வந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து உழைப்பை அளக்காதீர்கள் என்றும் சொல்வேன். நாங்கள் ரீட் ஸ்கேல் பயன்படுத்துகிறோம். கார்னெகி மெலன் பல்கலைக்கழக நூலகத்தில் உருவான அளவுகோல் அது, 1 முதல் 6 வரை போகும். திறக்கும் நேரம் என்ன என்பது 1. நாள் கணக்கில் தேட வைக்கும் ஆய்வுக் கேள்வி 6. இப்படிக் குறித்த பிறகுதான், கேள்வி குறைவாக வரும் பிற்பகல் ஷிப்டில்தான் கனமான கேள்விகள் விழுகின்றன என்று எங்களுக்குத் தெரிந்தது. அங்கே அனுபவசாலிகளைப் போட்டோம்.

கடைசியாக ஒன்று. இது கனமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் சேவையில் ஒருவர் தூக்க மாத்திரையின் அளவு பற்றிக் கேட்டார். அடுத்தடுத்த வரிகளில் அவர் உயிரை விட நினைக்கிறார் என்பது தெரிந்தது. ஷிப்டில் இருந்தவர் வாசகரின் ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார். தன் ஊர் உதவி எண்ணைக் கொடுத்தால் அது அங்கே வேலை செய்யாது. அவர் உரையாடலை முடிக்கவில்லை. மாத்திரை பற்றி ஒன்றும் சொல்லாமல், "நீங்கள் எழுதியதைப் படித்தேன், உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, இப்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே, ஷிப்டில் இருந்த இன்னொருவரை உள்வழிச் செய்தியில் கூப்பிட்டார். அந்த இரண்டாமவர் வாசகரின் நூலகத் தகவல் பக்கத்திலிருந்து அந்த ஊர் உதவி எண்ணை எடுத்துக் கொடுத்தார், அந்த நூலகத்தின் பொறுப்பாளரையும் போனில் பிடித்தார். வாசகர் எண்ணை வாங்கிக்கொண்டு, அழைக்கிறேன் என்று எழுதினார். அதன் பிறகு எங்களுக்கு வேறு தகவல் இல்லை. அன்று ஷிப்டில் இருந்தவரோடு மறுநாள் உட்கார்ந்து ஆற அமரப் பேசினோம். ஒவ்வொரு நூலகமும் தன் ஊர் நெருக்கடி எண்ணைத் தகவல் பக்கத்தின் மேலேயே போட வேண்டும், ஆண்டுக்கு இருமுறை அழைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்களிடம் இப்போது விதி. உங்கள் கூட்டமைப்பில் இல்லையென்றால் இந்த வாரமே கொண்டுவாருங்கள்.

மூன்றாம் தளம்:
இதைப் பகிர்ந்ததற்கு நன்றி சார். எங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன், எண் இல்லை. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.

புதிய உறுப்பினர்:
அடுத்த வாரம் என் முதல் ஷிப்ட். பாதியில் விட்ட கேள்வியை வாசகரின் சொந்த நூலகத்துக்கு அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுத வேண்டும்? முழு உரையாடலும் கூடவே போகும் என்கிறார்களே, அது போதாதா?

சீட்டுப்பெட்டி:
போதாது. காலையில் வந்து உட்காரும் நூலகருக்கு அந்த நீள உரையாடலை முழுக்கப் படிக்க நேரம் இருக்காது. படித்தாலும், நீங்கள் எங்கெல்லாம் தேடினீர்கள் என்பது அதில் பாதிதான் இருக்கும். வாசகரின் நேரத்தைச் சேமி என்றார் நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன். அடுத்து உட்காரும் நூலகரின் நேரத்தைச் சேமித்தால்தான் வாசகரின் நேரம் மிச்சமாகும். நான் எழுதும் குறிப்பு ஒன்றை மாதிரிக்குப் போடுகிறேன், பெயர்கள் இல்லாமல்:

"வாசகர் கேட்பது: 1950-களில் உங்கள் ஊரில் ஓடிய ஒரு சிற்றிதழின் இதழ்கள், தாத்தாவின் கதை வந்ததா என்று பார்க்க. தாத்தாவின் புனைபெயர் உரையாடலில் உள்ளது. நான் பார்த்தவை: உங்கள் இணையப் பட்டியல் (இதழ் பெயர் இருக்கிறது, எந்தெந்த ஆண்டு என்று இல்லை), பல நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் (வேறு இடத்தில் இல்லை). பார்க்க முடியாதவை: உங்கள் உள்ளூர் வரலாற்றுப் பிரிவின் கையெழுத்துப் பட்டியல். வாசகரிடம் சொன்னது: வேலை நாட்கள் இரண்டுக்குள் மின்னஞ்சலில் பதில் வரும், ஸ்கேன் கிடைக்கும் என்று உறுதி தரவில்லை. அவசரம் இல்லை."

இதில் முக்கியம் கடைசிக்கு முந்தைய வரி. வாசகரிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியாமல் அந்த நூலகர் வேறொன்றைச் சொன்னால், இரண்டு பேர் வார்த்தையும் போய்விடும். முதல் ஷிப்டில் சந்தேகம் வந்தால் உள்வழிச் செய்தியில் கூப்பிடுங்கள். புதன் மாலை என்றால் நான்தான் இருப்பேன்.