‘கைமுறை’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்க வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

காட்டுப்பாதை வண்டிகளின் தானியங்கி கியர் பற்றிய சொற்பட்டியலையும் அதன்மேல் நடந்த பேச்சையும் இன்றுதான் முழுதாகப் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு வம்பு ஏதும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது. தானியங்கி நெம்புகோலில் வரும் எஸ், எம் என்ற எழுத்துகளைப் பற்றி ஒருவர் எழுதியது இது:

> எஸ், எம் இரண்டுமே ஓட்டுநர் தானே கியர் மாற்றிக்கொள்ளும் முறைகள். இரண்டுக்கும் ‘கைமுறை’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, இது சரிவராது. முதலில், கைமுறை என்ற சொல் எங்கள் ஊரில் காலியாக இல்லை. சிங்கப்பூரில் வகுப்பு 3 உரிமம் எடுத்தவர் கிளட்ச் வண்டியும் ஓட்டலாம். 3ஏ எடுத்தவருக்குத் தானியங்கி மட்டும்தான். ‘மேனுவலா, ஆட்டோவா’ என்று கேட்கிறார்களே, அந்த மேனுவலைத் தமிழில் எழுதும்போது கைமுறை என்றுதான் எழுதுகிறோம். தானியங்கிக் கியர்ப்பெட்டிக்குள்ளும் ஒரு கைமுறையை நுழைத்தால், ‘3ஏ உரிமம் உள்ளவர் கைமுறையிலும் ஓட்டலாம்’ என்று ஒரு வாக்கியம் எழுத நேரும். படிப்பவர் நம்மைத்தான் திட்டுவார்.

அதைவிடப் பெரிய சிக்கல், இவை இரண்டும் ஒன்றல்ல என்பது. டொயோட்டா, லெக்சஸ் வண்டிகள் பலவற்றில் உள்ள எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் எஸ்4 என்று வந்தால் வண்டி நான்காம் கியரில் ஓடுகிறது என்று பொருளில்லை. நான்குக்கு மேல் ஏறாது, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து நான்கு வரைக்குள் பெட்டி தன் போக்கில் ஏறும், இறங்கும். எம்4 என்றால் நான்கிலேயே நிற்கும், அல்லது நிற்க முயலும். அங்கேயும் முழு அதிகாரம் நம் கையில் இல்லை. வேகமாகப் போகும்போது ஒன்றாம் கியர் கேட்டால் எஞ்சினைக் காப்பாற்றக் கணினி மறுத்துவிடும். வண்டி நிற்கப் போனால் கேட்காமலேயே கியரை இறக்கிவிடும். ஆக, கைமுறை என்ற பெயர் எம்முக்கே பாதிதான் பொருந்துகிறது. எஸ்ஸுக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை.

இது என்ன நூல் பிரிக்கும் வேலை என்று கேட்கலாம். தீவு விரைவுச்சாலையில் ஓட்டுகிறவருக்கு இது தேவையில்லைதான். நம் ஊரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. ஜொகூரில் கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் மண்பாதைக்கு வாருங்கள், தெரியும். அந்தப் பக்கம் ஒருமுறை, முந்தின இரவு மழையில் ஊறிய செம்மண் ஏற்றம். முன்னால் போன நண்பர் எஸ்2இல் வைத்து நிதானமாகத்தான் ஏறினார். பாதி மேட்டில் வண்டி கொஞ்சம் தளர்ந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். பெட்டி உடனே ஒன்றுக்கு இறங்கியது. எஞ்சின் உறும, பின்சக்கரம் சேற்றை வாரி எங்கள் கண்ணாடியில் அடித்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பழைய லாரித் தடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இறங்கி வந்தவர் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டுலதானே வச்சிருந்தேன்?”

அவர் இரண்டில் வைக்கவில்லை. இரண்டை மேல்வரம்பாக வைத்திருந்தார். ஈரமண்ணில் திடீரென்று கூடும் முறுக்குவிசைதான் பிடிமானத்தை அறுக்கிறது. வழுக்கும் தரையில் இரண்டாம் கியரிலேயே கிளம்பும் வசதியைச் சில வண்டிகளில் வைத்திருப்பதும் இதனால்தான்.

இறக்கத்தில் கதை வேறு. வழக்கமாக ஓட்டும் டியில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெட்டி பார்ப்பது இரண்டு விஷயத்தை: மிதி அழுத்தப்படவில்லை, வேகம் கூடுகிறது. சமதரையில் சும்மா உருள்கிறோம் என்று நினைத்துக் கியரை ஏற்றிவிடும். எஞ்சின் தரும் தடுப்பு போய்விடும். சரிவை உணரும் புதிய பெட்டிகள் இதைத் தவிர்க்கப் பார்க்கின்றன, இருந்தாலும் செங்குத்தான இறக்கத்தில் அதை நம்பி விடுவதில்லை. அங்கே மேலே ஏறாமல் தடுத்தாலே போதும். இறக்கத்துக்கு வரம்பு போதும், ஏற்றத்துக்கு நிலைத்து நிற்கும் கியர் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லாத கலைச்சொல் எதற்கு?

எனவே எஸ்ஸுக்கு ‘வரம்பு’ என்கிறேன். வரம்பு 4, வரம்பு 2. பழைய நெம்புகோல்களில் டிக்குக் கீழே இருந்த 3, 2, எல் ஆகியவையும் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்தன. அவற்றுக்கும் இது பொருந்தும்.

எம்மில்தான் இழுபறி. ஜொகூர் அண்ணன் சொன்ன ‘கியர்ப்பிடி’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கைப்பிடி, கதவுப்பிடி என்று பழகிய காதுக்கு, நெம்புகோலின் தலையில் உள்ள குமிழ்தான் நினைவுக்கு வரும். ‘கியர்ப்பூட்டு’ இன்னும் மோசம். திருட்டுக்குப் பயந்து போடும் பூட்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. போதாததற்கு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுழலவைக்கும் டிஃப் லாக்கை நாம் ஏற்கெனவே பூட்டு என்று எழுதியாயிற்று. நான் சொல்வது ‘நிலைகியர்’. நிலைமின்சாரம் என்கிறோமே, அந்த நிலை. சுருக்கமாக நிலை 2, நிலை 3. ‘ஏறும்போது நிலை 2, இறங்கும்போது வரம்பு 1’ என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் புதிதாக ஓட்டுகிறவருக்கும் புரியும்.

> கியர் என்பதையே பல்லிணை ஆக்கினால் என்ன?

பற்கள் கொண்ட சக்கரத்துக்குப் பல்லிணை அருமையான சொல். ஆனால் வழக்கமான தானியங்கிப் பெட்டியில் ‘மூன்றாம் கியர்’ என்று தனியாக ஒரு சக்கரம் கிடையாது. கோள்போல் சுற்றும் பற்சக்கரத் தொகுதிகள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும்; எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துகிறோம், எவற்றை இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். விகிதத்தைக் குறிக்க மக்கள் வாயில் இருக்கும் கியரே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து 4எல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் மெதுவாக ஓட்டும் நிலை. அதன் வேகமான இணை 4எச். ‘தாழ்வீச்சு’ என்று பட்டியலில் இருக்கிறது. வீச்சு என்றால் துப்பாக்கியும் அலையும்தான் நினைவுக்கு வரும். அதோடு, எது தாழ்வு என்பதும் விளங்கவில்லை. இது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் இரண்டாவது பெட்டியில் கூடுதலாக ஒரு குறைப்பு. சுசூகி ஜிம்னியில் அது ஏறக்குறைய 2 மடங்கு, ஜீப் ரேங்லர் ருபிகானில் 4 மடங்கு. எல்லாக் கியரிலும் வேகம் அத்தனை பங்கு குறையும், சக்கரத்தில் முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடும். ஓட்டுநர் தேடிப் போவது அந்தக் கூடுதலைத்தான். அதனால் 4எச்சுக்கு ‘விரைவுநிலை’, 4எல்லுக்கு ‘விசைநிலை’ என்று இணையாக வைக்கலாம். ‘நால்விரைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நான்கு கியர் கொண்ட பெட்டி என்று படித்துவிடுவார்கள். விசை என்றால் விசைப்பலகையின் விசையும் வருமே என்பீர்கள். வரட்டும், வண்டிக்குள் யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. “லோ போடுங்க” என்று வானொலிக் கருவியில் சொன்னால், புதியவர்கள் பெரிய நெம்புகோலை எல்லுக்கு இழுத்துவிட்டு, போட்டாச்சு என்கிறார்கள். உண்மையில் வண்டியை நிறுத்தி, என்னுக்கு (நியூட்ரலுக்கு) கொண்டுவந்து, பிறகு அந்த இரண்டாவது பெட்டியின் நெம்புகோலையோ பொத்தானையோ தொட வேண்டும். ‘விசைநிலை போடுங்க’ என்றால் குழப்பம் இல்லை.

திசைமாற்றிக்குப் பின்னால் இருக்கும், கியர் மாற்றும் சிறு தகடுகளுக்குத் ‘துடுப்பு’ வேண்டாம், அண்ணன். படகு நமக்கு எதற்கு? ‘விரல்மாற்றி’ போதும். லேண்ட் ரோவர் 2004இல் டிஸ்கவரி 3இல் கொண்டுவந்த, தரைக்கேற்பத் திருப்பும் குமிழுக்குத் ‘தரைத்தேர்வி’ என்று பட்டியலில் உள்ளதே நன்றாக இருக்கிறது. மணல், பாறை, சேறு என்று அதன் நிலைகளுக்குப் பெயர் தேடவும் வேண்டாம்.

கிக்டவுனுக்கு ‘உதையிறக்கம்’ என்று யார் எழுதியது? சிரித்துவிட்டேன், ஆனால் நீக்கச் சொல்ல மாட்டேன். மிதியைத் தரைவரை அழுத்தினால் கியர் சட்டென்று இறங்கும்; நடப்பது அதேதான். வரம்பு, நிலைகியர் இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வார இறுதியில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.