வெளியிலிருந்து வரும் அழைப்புகள் மட்டும் பாதியில் துண்டிக்கப்படுகின்றன: உதவி தேவை

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
வணக்கம். கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகத்தில் இணையவழித் தொலைபேசி பொருத்தியிருக்கிறோம். வெளியிலிருந்து யார் அழைத்தாலும் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அழைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டுவிடுகிறது. பருவம் தொடங்கிவிட்டதால் அவசரம். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஓசூர்_வலை:
பிபிஎக்ஸ் (அழைப்புகளை மேசைத் தொலைபேசிகளுக்கு இணைத்துவிடும் இணைப்பகம்) உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறதா, சேவை நிறுவனத்திடம் இருக்கிறதா? மேசைக்கு மேசை பேசும்போதும் துண்டிக்கிறதா? நீங்கள் வெளியே அழைத்தால் என்ன ஆகிறது? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

பாலக்கோடு_சுவிட்ச்:
இது அலைவரிசைப் பற்றாக்குறைதான். ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்பு ஒரு திசைக்கு வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுத்துக்கொள்ளும், ஜி.729க்கு மாற்றினால் சுமார் 31 போதும். கண்காணிப்புக் கேமராக்களும் அதே சுவிட்சில் இருந்தால் அவற்றைத் தனி விலானுக்கு (அதே சுவிட்சில் பிரித்து வைக்கும் வலைப்பகுதி) மாற்றுங்கள்.

பழைய_மோடம்:
கேள்வியை முழுமையாகப் படித்திருந்தால் கோடெக் பேச்சே எழுந்திருக்காது. அலைவரிசை போதவில்லை என்றால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இவருக்கோ குரல் தெளிவாக இருக்கிறது. இந்த அடிப்படையை எத்தனை முறைதான் விளக்குவது? கேட்டவருக்கு ஒன்று: ‘சிறிது நேரம்’ என்பது அளவாகாது. கடிகாரத்தைப் பார்த்து வினாடிக் கணக்கைச் சொல்லுங்கள்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
ஒவ்வொரு முறையும் 32 வினாடி. பிபிஎக்ஸ் பெட்டி கணக்குப் பிரிவு அலமாரியில் இருக்கிறது. உள்ளுக்குள் பேசினாலும் நாங்கள் வெளியே அழைத்தாலும் துண்டிப்பதில்லை.

ஓசூர்_வலை:
32 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. அழைப்பை நீங்கள் எடுத்ததும் உங்கள் பிபிஎக்ஸ் ‘200 ஓகே’ என்ற செய்தியை அனுப்பும். மறுமுனை அதற்கு ‘ஆக்’ என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை பிபிஎக்ஸ் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இணையவழி அழைப்புகளை அமைக்கும் எஸ்ஐபி நெறிமுறையின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 3261இன்படி அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி, கடந்தும் ஒப்புகை வரவில்லை என்றால் அழைப்பை முடித்துவிடும். குரல் தனி வழியில் செல்வதால்தான் அதுவரை தடையின்றிப் பேச முடிகிறது.

ஒப்புகை வராததற்குப் பெரும்பாலும் காரணம், உங்கள் பெட்டி தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும், வெளியிலிருந்து எட்ட முடியாத உள்முகவரியைச் சொல்வது, அல்லது ரௌட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி (அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரியைத் தானே மாற்றும் வசதி) அந்த முகவரியைத் தவறாகத் திருத்துவது. பிபிஎக்ஸில் வெளிமுகவரியைச் சரியாகக் குறிப்பிட்டு, ஏஎல்ஜியை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். உள் அழைப்புகள் சரியாக இருப்பதால் சுவிட்சையும் கேபிளையும் தொட வேண்டியதில்லை.

பர்கூர்_கேபிள்:
இவ்வளவு சிரமம் எதற்கு? பிபிஎக்ஸை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் தடுக்காமல் அனுப்பிவைக்கும் இடம்) வைத்துவிட்டால் எல்லாச் செய்தியும் நேராக வந்து சேரும். நான் பொருத்திய இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_மோடம்:
தயவுசெய்து இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். எஸ்ஐபி செய்திகள் வரும் 5060 போர்ட் திறந்து கிடக்கும் பெட்டிகளை மோசடிக்காரர்கள் இணையத்தில் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எளிய கடவுச்சொல் ஒன்று சிக்கினால் போதும், இரவோடிரவாக வெளிநாட்டு அழைப்புகள் போய்க் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

பர்கூர்_கேபிள்:
கடவுச்சொல்லை வலுவாக வைத்தால் ஏன் அஞ்ச வேண்டும்? எங்கள் வாடிக்கையாளர் எவருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

ஓசூர்_வலை:
அண்ணா, நேராத வரை நேர்ந்ததில்லைதான். சேவை நிறுவனத்திடம் பிபிஎக்ஸ் தானே பதிவு செய்துகொள்ளும் முறையில் போர்ட்டைத் திறக்கவே தேவையில்லை. நிலையான முகவரிவழி இணைப்பாக இருந்தால், அந்த நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் வழிவிட்டுவிட்டு மற்றதை அடைத்துவிடலாம்.

கேட்டவர் கவனத்திற்கு: ஃபைபர் மோடமும் உங்கள் ரௌட்டரும் தனித்தனியாக முகவரியை மாற்றிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஏஎல்ஜி இரண்டிலும் இருக்கக்கூடும், இரண்டையும் பாருங்கள்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி:
ரௌட்டரில் ஏற்கெனவே அணைந்திருந்தது, மோடத்தில்தான் இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்த பிறகு அழைப்புகள் துண்டிக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

பழைய_மோடம்:
மோடத்தின் மென்பொருள் பதிப்பைச் சேவை நிறுவனம் தொலைவிலிருந்து புதுப்பித்தால் அந்த அமைப்பு மீண்டும் இயங்கத் தொடங்கலாம். மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (முகவரியை மாற்றாமல் இணைப்பை ரௌட்டருக்கு அப்படியே கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத நீட்டிப்புகளில் (மேசை இணைப்புகளில்) அதை இன்றே அடைத்துவிடுங்கள்.