லங்கோபார்டு மொழியை எந்தக் கிளையில் வைப்பது?

கேள்வி: லங்கோபார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பேசிய, ஒரு முழு வாக்கியம்கூட எழுத்தில் கிடைக்காத மொழியை எப்படி பழைய உயர் ஜெர்மனோடு (தெற்கு ஜெர்மன் வழக்குகளின் பழைய வடிவம்) சேர்க்கிறார்கள்? ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் காலத்தில் லங்கோபார்டுகள் வடக்கே எல்பே ஆற்றுப் பக்கம் அல்லவா இருந்தார்கள்?

பதில் 1: வாக்கியம் இல்லை, சொற்கள் இருக்கின்றன. லங்கோபார்டு மன்னர் ரொத்தாரி 643-ல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு லத்தீனில்தான் இருக்கிறது, ஆனால் திருமணத்துக்கு மறுநாள் கணவன் மனைவிக்குத் தரும் கொடைக்கு 'மோர்கின்காப்' என்று அவர்கள் சொல்லையே அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர்களும் உண்டு.

பதில் 2: முக்கியமான சான்று ஒலிமாற்றம். இத்தாலியனில் 'பெஞ்ச்' என்பதற்கு 'பாங்கா' (panca) என்ற சொல் லங்கோபார்டிலிருந்து வந்தது, முதலெழுத்து வல்லின ப (p). ஜெர்மன் 'பாங்க்'கில் (Bank) அது ஆங்கில b போல ஒலிக்கும். இப்படி b ஒலி வல்லின p ஆவது தெற்கு ஜெர்மன் வழக்குகளின் குணம்.

கேள்வி கேட்டவர்: சரி, அப்போ எல்பே?

பதில் 1: புறப்பட்ட இடம் அதுதான். அப்புறம் தன்யூப் ஆற்றுப் பக்கம், பனோனியா (இன்றைய ஹங்கேரிப் பகுதி), 568-ல் இத்தாலி. அந்த ஒலிமாற்றம் எல்பேயிலிருந்து கொண்டு வந்ததல்ல, பின்னால் தெற்கே வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து.

பதில் 3: பூர்வீகத்தையும் ஒலிமாற்றத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள், இரண்டும் வேறு வேறு கேள்வி.