ரெக்கார்டிங் இருக்கிறது என்றார் கடைக்காரர்

வைகைக்கரை எழுதியது:

எங்கள் வீட்டில் பதினொரு ஆண்டுகள் உழைத்த 32 அங்குல டிவி, 2025 புரட்டாசியில் ஒரு நாள் திரையின் வலப்பாதியை இழந்தது. அம்மா ஒரு வாரம் பாதி முகங்களை வைத்துக்கொண்டே தொடரைப் பார்த்தார். வசனம் முழுதாகக் கேட்கிறதே, போதும் என்றார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்ததால், பழுது பார்ப்பதைவிட 43 அங்குலத்தில் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போய்த் திரும்ப நேரமானால் ஏழு மணித் தொடர் தவறிவிடக் கூடாது, வி.சி.ஆர். இருந்த காலத்தில் அப்பா கேசட்டில் பிடித்து வைத்ததைப் போலப் புது டிவியும் பிடித்து வைக்க வேண்டும்.

டவுன் ஹால் ரோட்டில் முதலில் ஏறிய கடையில் இதைச் சொன்னதும், விற்பனைப் பையன் தயங்காமல் ஒரு மாடலின் முன் எங்களை நிறுத்தினான். "ரெக்கார்டிங் இருக்கு சார், பென் டிரைவ் போட்டாப் போதும்" என்று ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பொத்தானைக் காட்டினான். அந்த வசதி இல்லாத, மற்றபடி அதே அளவுள்ள டிவியைவிட அது நாலாயிரம் ரூபாய் கூடுதல். என் பையில் பென் டிரைவ் இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த செய்திச் சேனலை ஒரே ஒரு நிமிடம் பதிவு செய்து காட்டும்படி கேட்டேன். பொத்தானை அழுத்தியதும் திரையின் கீழே சாம்பல் நிறப் பட்டை ஒன்று வந்து, இந்த இணைப்பில் இவ்வசதி கிடையாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறைந்தது. பையன் பென் டிரைவை அடுத்த துளைக்கு மாற்றினான், பிறகு ரிமோட்டின் பேட்டரியை மாற்றினான். மூன்றாம் முறையும் அதே பட்டை வந்தபோது, பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "அது ஆன்டெனாவுக்குத்தாம்ப்பா, பாக்ஸ் போட்டா வராது" என்றார்.

அந்த ஒரு வரியைத்தான் விளம்பர அட்டை எதுவும் சொல்வதில்லை. டிவிக்குள் இருக்கும் பதிவு வசதி, டிவியின் சொந்த டியூனர் (சேனல் அலைகளைப் பிடிக்கும் உறுப்பு) வழியாக வரும் சேனலை மட்டுமே பிடிக்கும். நம் வீடுகளிலோ கேபிளானாலும் டிடிஎச் ஆனாலும் கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டுத்தான் வருகின்றன. அந்தப் பூட்டைத் திறப்பது செட்டாப் பாக்ஸ். திறந்த படத்தை அது எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்கு அனுப்பும்போது, நகலெடுக்க முடியாதபடி எச்டிசிபி என்ற இன்னொரு பாதுகாப்பையும் சேர்த்தே அனுப்புகிறது. ஆகவே செட்டாப் பாக்ஸ் உள்ள வீட்டில் டிவி வெறும் திரைதான். ஆன்டெனா வழியாகத் தூர்தர்ஷன் கிடைக்கும் ஊரானால் அதைப் பதிவு செய்யலாம். அம்மாவின் தொடர் அதில் வராது. மற்ற நாடுகளுக்காகச் செய்த மாடலை இங்கேயும் விற்பதால் அட்டையில் அந்த வரி இருக்கிறது என்பது என் ஊகம். எப்படியானாலும் அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பதிவு என்ற எண்ணத்தைக் கைவிட்ட பிறகு தேர்வு எளிதாகிவிட்டது. அம்மா பார்க்கும் தொடரின் பகுதிகள் ஒளிபரப்பான பின் அந்தச் சேனலின் செயலியிலேயே இருக்கின்றன. சந்தா கட்டினால் இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம், மறுநாள் காலையிலும் பார்க்கலாம். எனவே, அந்தச் செயலிகளை டிவி எவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறது என்பதே கேள்வியாயிற்று. அடுத்த கடையில் என் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, யூடியூப், ஓடிடி செயலிகள் இரண்டு, மறுபடி யூடியூப் என்று மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். 1 ஜிபி ராம் (செயலிகள் ஓடும்போது பயன்படும் நினைவகம்) உள்ள டிவி மூன்றாவது மாற்றத்திலேயே திணறி முகப்புக்குத் திரும்பிவிட்டது. 2 ஜிபி உள்ளது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சேமிப்பு 8 ஜிபி என்று அட்டை சொல்லும், உள்ளே போய்ப் பார்த்தால் மென்பொருளே பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று வைட்வைன் எல்1 என்ற நகல் தடுப்புச் சான்று. அது இல்லாத மலிவு டிவிகளில் திரை 4கே ஆக இருந்தாலும் பல ஓடிடி செயலிகள் எச்டி தரத்தைக்கூடத் தருவதில்லை. என் மைத்துனர் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, இணைய இணைப்பின் வேகத்தை இரண்டு முறை உயர்த்திப் பார்த்தார், படம் தெளியவில்லை.

படத்தைக் கடை வெளிச்சத்தில் வைத்து முடிவு செய்யாதீர்கள். காட்சிக்கு வைத்த டிவிகள் எல்லாம் கடைக்கான அமைப்பில், கண் கூசும் வெளிச்சத்தில் ஓடும். வீட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லி, ஓரமாக நின்று முகத்தின் நிறம் வெளுக்கிறதா என்று பார்த்தேன்; எங்கள் கூடத்தில் அம்மாவின் நாற்காலி சுவரோரம் இருப்பதால் இது முக்கியம். ஐபிஎஸ் வகைத் திரை ஓரத்திலிருந்தும் நிறம் மாறாமல் தெரிந்தது. விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருந்தது, ஆனால் ஓரத்தில் நின்றால் சாயம் போன துணிபோல் வெளிறியது. அம்மாவுக்காக ஐபிஎஸ் எடுத்தோம். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும் எனக்குக் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத்தான் தெரிகிறது.

கொங்குக்காற்று எழுதியது:

மேலே நண்பர் எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன். டிவியில் முடியாவிட்டால் செட்டாப் பாக்ஸில் பதிவு செய்யலாமே என்று பலரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் ஹார்டு டிஸ்க் பொருத்தும் டிடிஎச் பாக்ஸ் ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். வசதி என்னவோ நன்றாகவே வேலை செய்தது. நேரம் குறித்து வைத்துவிட்டால் தானே பதிவு செய்துகொள்ளும், விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊரில் பட்டிமன்றம் ஒன்றைப் படம் பிடித்து ஒளிபரப்பினார்கள். மூன்றாம் வரிசையில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருந்த என் தந்தை, நடுவர் ஏதோ சொன்னதும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டுவார். மொத்தம் நான்கு வினாடிகள். அவர் காலமான பிறகு அந்த நான்கு வினாடிகளை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் இடி விழுந்து பாக்ஸ் கெட்டுப்போனது. நிறுவனம் புதிய பாக்ஸ் கொடுத்தது, ஹார்டு டிஸ்க்குக்கும் எந்தச் சேதமும் இல்லை. ஆனால் பதிவுகள் பழைய பாக்ஸின் சாவியால் பூட்டப்பட்டவை என்பதால் புதிய பாக்ஸ் அவற்றைத் திறக்க மறுத்தது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று மட்டும் கேட்டது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் விதிமுறையைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கணினியில் செருகிப் பார்த்ததிலும் பயனில்லை. இதே பூட்டு டிவியில் செய்யும் பதிவுகளுக்கும் பெரும்பாலும் உண்டு. பழுதாகி டிவியின் உள்ளே இருக்கும் போர்டை மாற்றினால் பழைய பதிவுகள் அந்த டிவியிலேயே திறக்காமல் போகலாம்.

கடைசியில் காப்பாற்றியது என் தங்கை மகன். எப்போதோ விளையாட்டாகத் திரைக்கு நேரே போனைப் பிடித்து அந்தக் காட்சியை எடுத்து வைத்திருந்தான். டியூப் லைட் திரையில் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது, எங்கள் வீட்டுக் குக்கர் விசில் நடுவரின் குரலோடு கேட்கிறது. அதைத்தான் இப்போது வைத்திருக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

இங்கே லண்டனில் நிலைமை வேறு. ஃப்ரீவியூ என்ற இலவசச் சேவையின் சேனல்கள் ஆன்டெனா வழியாகப் பூட்டின்றி வருவதால், யுஎஸ்பி பதிவு உள்ள டிவி சொன்னபடியே வேலை செய்கிறது. ஆனால் என் டிவியில் ஒரே டியூனர் இருப்பதை வாங்கியபின்தான் கவனித்தேன். ஒரு சேனலைப் பதிவு செய்யும்போது இன்னொரு சேனலைப் பார்க்க முடியாது. வீட்டில் இரண்டு சண்டைகளுக்கு அது காரணமாயிற்று. 2024-ல் தொடங்கிய ஃப்ரீலி சேவை சேனல்களை இணைய வழியாகவே தருகிறது; இப்படி வருவதைப் பதிவு செய்ய இயலாது, சேனல் தரும் காலக்கெடுவுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவு செய்யும் பழக்கமுள்ளவர்கள் புதிய டிவி வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வைகைக்கரை எழுதியது:

கொங்குக்காற்று அவர்களே, உங்கள் பதிவைப் படித்ததும் அப்பாவின் பழைய கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அதை டிஜிட்டலாக மாற்றித் தருபவரை இனித்தான் தேட வேண்டும்.

கடைசியில் எந்த டிவி எடுத்தோம் என்று கேட்டவர்களுக்கு: ரெக்கார்டிங் இல்லாத மாடலையே எடுத்தோம். மிச்சமான நாலாயிரத்தில் கொஞ்சம் ஸ்டெபிலைசருக்குப் போயிற்று. முதல் வாரம் 4கே படம் நடுவில் நின்று நின்று சுற்றியது. நெட்ஃபிளிக்ஸ் 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் கேட்கிறது, எங்கள் இணைப்போ 100. வேகம் போதாமையன்று, இரண்டு சுவர்களைத் தாண்டி வந்த வைஃபைதான் காரணம். ரவுட்டரிலிருந்து லேன் கம்பி இழுத்துவிட்டேன், அந்தச் சுற்றல் நின்றுவிட்டது. மென்பொருளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நாலைந்து ஆண்டில் செயலிகள் இந்த டிவியைக் கைவிட்டாலும், எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிக்கொள்ளலாம். திரையை அப்படி மாற்ற முடியாதே. அதனால்தான் பணத்தைத் திரையில் போட்டேன்.

அம்மா ரிமோட்டில் மைக் பொத்தானை அழுத்தித் தொடரின் பெயரைத் தமிழிலேயே சொல்லப் பழகிவிட்டார். போன பிரதோஷத்தன்று எட்டரைக்கு வந்தவர், டிவியைப் போடாமல் அடுத்த வீட்டுக்குப் போய் அன்றைய கதையைக் கேட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் அதைச் செயலியில் போட்டுப் பார்த்து, அவர்கள் சொன்னதில் இரண்டு இடம் தப்பு என்றார்.