குமரிக் கடலில் இறங்கும் முன்னே: இழுப்பு, கள்ளக்கடல், பொழித் தண்ணி

முட்டம்:
அலை உடையுற இடம் பயமா தெரியும், உடையாத இடம் சாதுவா தெரியும். வெளியூர்க்காரங்க நேரா அந்தச் சாதுவான இடத்துலதான் இறங்குறாங்க. ஆளைக் கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற நீரோட்டம், அதான் இழுப்பு, இருக்கிறதே அங்கதான். கரையில குவியுற தண்ணி, திரும்பிப் போக மணல்திட்டை அறுத்து வாய்க்கால் போட்டுக்கும். அங்க ஆழம் கூட, அதனாலதான் அலை உடையாது. மேட்டுல நின்னு பத்து நிமிஷம் பாருங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல மணல் கலங்கின கறுத்த பட்டை. சந்தேகம் இருந்தா காய்ஞ்ச கதம்பை (தேங்கா மட்டை) ஒண்ணை எறிங்க. அலையில புரண்டு கரைக்கே வந்தா நல்லது. பக்கவாட்டுல நகர்ந்து, அந்தப் பட்டைக்கு வந்ததும் கடலைப் பார்த்து ஓடுச்சுன்னா அங்க முழங்கால்கூட நனைய வேண்டாம். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள்ள நீட்டிப் போட்ட கல் தடுப்பு, அதோட ஓரமும் இப்படித்தான்: கரையோரம் ஓடுற நீவாடு (நீரோட்டம்) கல்லுல முட்டி, கல்லை ஒட்டியே வெளியே திரும்பும்.

மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க. வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் வரை ஓடும், நல்ல நீச்சல்காரனும் தோத்துப் போவான். மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்க. அலை உடையுற வரிசை தாண்டினா வலு குறையும். பிறகு கரைக்கு இணையா நகர்ந்து, நுரை தெரியுற பக்கமா வாங்க.

கணபதிபுரம்:
முட்டத்து அண்ணன் சொன்ன பத்து நிமிஷம் கள்ளக்கடல் நாள்ல போதாது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயலோட அலை அது. இங்க காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், கொஞ்ச நேரம் கடலும் அடங்கிக் கிடக்கும். அப்புறம் அடுத்தடுத்து நாலஞ்சு பெரிய அலை, ஒண்ணுக்கொண்ணு 15 நொடிக்கும் மேல இடைவெளி விட்டு, காஞ்சு கிடந்த மணல் வரைக்கும் ஏறும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவும். 2024 மே 6-ல் எங்க லெமூர் கடற்கரையில ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிர் போனது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த அந்த நாட்கள்லதான். ஏப்ரல், மே மாசத்துல கடல் எச்சரிக்கை தர்ற இன்காய்ஸ் மையத்தோட அறிவிப்பைப் பார்க்காம கரைக்கு வராதீங்க மக்கா, கெஞ்சிக் கேட்கிறேன்.

மணக்குடி:
தண்ணியோட தரத்தையும் பேசணும். பழையாறு ஊர்க்கழிவைச் சுமந்துதான் இங்க கடல்ல சேருது. ஆறு கடல்ல சேருற வாயை, அதான் பொழியை, மணல் அடைச்சிருந்து, மழையில உடைஞ்சா தேங்கின அழுக்கு ஒரே அடியா வெளியே வரும். பழுப்புத் தண்ணிக்கும் பச்சைத் தண்ணிக்கும் நடுவுல கோடு தெரியும். நீவாடு ஓடுற பக்கத்துக் கரைதான் கெடும். கனமழைக்குப் பிறகு மூணு நாள் ஆத்துவாய்ப் பக்கம் குளிக்க வேண்டாம். தேங்காப்பட்டணத்துக்கும் இதே கணக்கு.

குளிக்கிற கடல் தண்ணிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச அளவு: 100 மில்லிக்கு மலக்கோலிஃபார்ம் (மலத்துல இருந்து வர்ற கிருமி) 100, கலங்கல் 30 என்டியூ (கலங்கலை அளக்குற அலகு). இதுக்கு மேல போகக் கூடாது. மாதிரி எடுக்கிறவங்க கிருமி நீக்கிய பாட்டிலை மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழ திறந்து, கொஞ்சம் காலி விட்டு மூடி, ஐஸ் பெட்டியில வச்சு 6 மணி நேரத்துக்குள்ள ஆய்வகம் சேர்க்கணும். வெயில்ல வச்சா கிருமி செத்து, தண்ணி சுத்தம்னு பொய்க் கணக்கு வரும். முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால இன்னைக்கு இறங்கலாமான்னு தீர்மானிக்க அந்தப் பழுப்பு-பச்சைத் தண்ணிக் கோட்டையும் மழையையும்தான் பார்க்கணும்.

குளச்சல்:
ஒருத்தர் மாட்டினா பின்னாலேயே குதிக்காதீங்க, ரெண்டு உயிரா போகும். மூடி இறுக்கின காலி 20 லிட்டர் கேன்ல கயிறு கட்டி எறிங்க. அதைப் பிடிச்சா ஆள் மிதக்கும். கரையேத்தினதும் வயித்தை அமுக்கக் கூடாது, வாந்தி மூச்சுக்குழல்ல இறங்கிடும். மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோடு வாய் வச்சு மூச்சு, பிறகு நெஞ்சுல 30 அமுக்குக்கு 2 மூச்சு. 108-க்கும் கடலோரக் காவல் 1093-க்கும் இன்னொருத்தர் கூப்பிடணும்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டா மணல் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க. ஒட்டின இழையில வெடிக்காத கொட்டுப்பைகள் ரெண்டாலயும் வெடிக்கும். கடல் தண்ணியில அலசி, இழையை இடுக்கியால எடுத்து, தோல் தாங்குற சூட்டு வெந்நீர்ல 20 நிமிஷம் வைங்க. மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரி.