சீழ் வெளியேறிய பிறகும் நொண்டிய குதிரை

தோவாளைப் பக்கம் எங்கள் வீடு. ஒரேயொரு பெட்டைக் குதிரை, பதினோரு வயது, செவலை என்று கூப்பிடுவோம். கல்யாண ஊர்வலத்துக்கும் லீவு நாட்களில் கடப்புறத்துச் சவாரிக்கும் போவாள். போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் காணம் (கொள்ளு) வாளியோடு தொழுவத்துக்குள் போனேன். வாளிச் சத்தத்துக்கே கனைக்கிறவள், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது முன்னங்காலின் நுனி மட்டும் தரையைத் தொட்டபடி நின்றாள். எலும்புதான் முறிந்துவிட்டது என்று கை கால் ஓடவில்லை எனக்கு.

லாடக்காரர் வந்தார். லாடத்தைக் கழற்றி, பெரிய இடுக்கியால் குளம்பைச் சுற்றி அமுக்கிக்கொண்டே வந்தார். நுனிக்குச் சற்று உள்ளே அமுக்கியதும் வெடுக்கென்று காலை உருவினாள். அங்கே ஒரு கறுப்புக் கோடு. அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்க, பழைய எஞ்சின் ஆயில் போலச் சீழ் வடிந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. குளம்பு விரிந்து கொடுக்காது, உள்ளே கட்டிய சீழுக்கும் போக இடமில்லை, வலி அவ்வளவும் அதனால்தான். மறுநாளே காலை ஊன்றிவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பைக் கரைத்து தினமும் பதினைந்து நிமிடம் ஊற வைத்து, குழந்தை டயப்பரைச் சுற்றி, மேலே டேப் ஒட்டினேன். மருத்துவர் டெட்டனஸ் ஊசியும் போட்டார்.

இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். என் கூத்து இதற்கு அப்புறம்.

ஐந்தாம் நாள் ஓட்டை காய்ந்த மாதிரி தெரிந்தது. கட்டைப் பிரித்துவிட்டு, அதே பழைய லாடத்தைத் திருப்பி அடிக்கச் சொன்னேன். மழை விடவில்லை, வாசலெல்லாம் சேறு. இரண்டு வாரம் போயும் லேசான நொண்டல் இருந்தது. "புண் ஆறுகிற வலிதான்" என்று நானே முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண ஆர்டர், முன்பணமும் வாங்கியாயிற்று. வீட்டில் மீதி இருந்த வலி மருந்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனேன். ஊர்வலத்தில் ராணி மாதிரி நடந்தாள். மறுநாள் தொழுவத்தை விட்டு வெளியே வர மறுத்தாள்.

அதன் பிறகுதான் மருத்துவரை மறுபடி கூப்பிட்டேன். அவர் முதலில் குளம்பையே தொடவில்லை. "சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் மணலில்" என்றார். சிமெண்டில் இடது கால் பட்டதும் தலை மேலே எழும்பியது, வலது கால் பட்டதும் தாழ்ந்தது. மணலில் அந்த ஆட்டம் பாதிகூட இல்லை. கெட்டித் தரையில் கூடுதலாக நொண்டினால் பெரும்பாலும் கோளாறு குளம்புக்குள்தான், தசைநார் இழுத்திருந்தால் மணலில்தான் கூடுதல் சிரமப்படும் என்றார். குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்க ஓரத்தில் விரலை வைக்கச் சொன்னார். நாடி திக்திக்கென்று அடித்தது. மற்ற காலில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

லாடத்தைக் கழற்றினால், ஓட்டைக்குள் இரண்டு பொடிக் கல்லும் சேறும் கெட்டியாக அடைத்திருந்தன. அதை நோண்டியதும் இன்னொரு சொட்டுச் சீழ். அதைவிட என்னைக் குத்தியது அவர் கேட்ட அடுத்த கேள்வி: "கடைசியாக எப்போது குளம்பு சீவினீங்க?" கணக்குப் பார்த்தால் மூன்றரை மாதம் தாண்டியிருந்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சீவியிருக்க வேண்டியது. நுனி நீண்டுபோய், அடிப்பக்கம் சுவரும் உள்ளங்குளம்பும் சேருகிற வெள்ளைக்கோடு அகன்று கிடந்தது. முதல் அழுக்கு உள்ளே போனதே அந்த வழியாகத்தான்.

பிறகு வேலை மெதுவாக நடந்தது. நுனியை ஒரேயடியாக வெட்டாமல், நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை குறைத்தார்கள். அயோடினில் நனைத்த பஞ்சை ஓட்டையில் அடைத்து, பழைய மோட்டார் ட்யூபை வெட்டி உறை மாதிரி மாட்டினேன். மணல் கொட்டிய தொழுவத்தில் ஓய்வு. ஊற வைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார், அதிகம் ஊறினால் குளம்பு மெத்தென்று ஆகிவிடுமாம். ஓட்டையின் அடி கெட்டிப்பட்ட பிறகே புது லாடம், நடுவில் ஒரு தோல் தகடு. ஏழு வாரம் ஆயிற்று சிமெண்டில் தலை ஆடாமல் நடக்க. முன்பணத்தோடு இன்னும் இரண்டு ஆர்டரும் போச்சு, அது வேறு கதை.

மார்த்தாண்டத்திலிருந்து

அண்ணே, உங்களுக்குக் கல்லோடு போயிற்று. எங்கள் ஆண் குதிரைக்கு ஒரே இடத்தில் மூன்று தடவை சீழ் வந்தது. ஒவ்வொரு தடவையும் திறந்தோம், வடிந்தது, ஆறியது, மறுபடி நொண்டல். கடைசியில் வண்டியில் ஏற்றி திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கிற எலும்பின் ஓரத்தில் ஒரு துண்டு செத்துக் கிடந்தது. அதை எடுக்காமல் எத்தனை கட்டுப் போட்டும் பிரயோஜனமில்லை என்றார்கள். எடுத்தார்கள். நாலு மாதம் கழித்து ஓடினான். இரண்டாம் தடவை சீழ் வந்தபோதே எக்ஸ்ரே எடுத்திருக்கலாமே என்று இப்போதும் தோன்றும்.

குளச்சலிலிருந்து

எங்கள் குட்டிக்கு அடியில் எத்தனை செதுக்கியும் சீழ் வரவே இல்லை. ஒன்பதாம் நாள் முடி முடிகிற வரியில், குளம்புக்கு மேலே, தானாக உடைந்தது. அந்தக் கீறல் மாதம் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அது அடிக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆகும் போல. இப்போது நொண்டல் இல்லை, கீறல் பாதி வழியில் இருக்கிறது. அது கீழே வரும்போது அந்த இடம் உடைந்து மறுபடி அழுக்கு ஏறுமா அண்ணே?

தோவாளையிலிருந்து

தம்பி, அதே கேள்வியை நானும் மருத்துவரிடம் கேட்டேன். சில சமயம் ஒரு சில்லு உடையும், பயப்பட வேண்டாம், சீவுகிற தேதியை மட்டும் தள்ளிப்போடாதே என்றார். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்தது வருகிற வெள்ளிக்கிழமை.